காலிக் குளத்து டிரம்மர்

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் சந்தேகப்படுவதற்கென்று ஒரு கோப்பை கொடுத்து வந்திருந்தால், அது மூன்று தலைமுறையாக டன்னர்ட் வீட்டு அலமாரியை விட்டு நகர்ந்தே இருக்காது. வானொலியில் மழை என்று சொன்னால் தாத்தா குடையில்லாமல் கிளம்புவார். தன்னைக் குடை தூக்க வைத்துச் சிரிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. அப்பா சர்க்கரை டப்பாவை மோந்து பார்த்துவிட்டுத்தான் டீயில் போடுவார். அந்த வம்சத்தில் பிறந்த கிளிஃபர்ட், 1972 பிப்ரவரியில், தன்னை இசைக்குழுவிலிருந்து கழற்றிவிடப் போகிறார்கள் என்ற முடிவுக்கு வந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

குழுவின் பெயர் சாட்டின் ஹெரன்ஸ். பட்டுக் கொக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கு என்றால் சும்மா கொக்கு இல்லை. எட்டு அங்குலக் குதிகால் வைத்த வெள்ளிப் பூட்ஸ், கழுத்தில் இறகு மாலை, கன்னத்தில் கரண்டி கரண்டியாக ஜிகினா. பாட்டுக்காரன் நார்மன் பிளாக் இரண்டு வருஷம் முன்புவரை கறிக்கடையில் சாசேஜ் சுற்றிக்கொண்டிருந்தவன். இப்போது அவன் முழு வேஷத்தில் கடற்கரைப் பக்கம் போனால், பெரிய மீன் ஒன்று நடந்து போகிறது என்று நினைத்து நாற்பது கடற்பறவைகள் பின்னாலேயே பறந்து வரும். கிட்டாருக்கு ட்ரெவர், பேஸ் கிட்டாருக்கு ராய். டிரம் கிளிஃபர்டுக்கு.

அவர்களுடைய மூன்றாவது இசைத்தட்டு 'நிலாவுக்கு லிப்ஸ்டிக்' விற்பனைப் பட்டியலில் முதல் வாரம் நாற்பத்தாறாம் இடம், அடுத்த வாரம் இருபத்தொன்பது, அதற்கடுத்து பதினாலு. ஊர்ச் சலூன்காரர் வேலையில்லாமல் கடைக்குள் உட்கார்ந்து அழுதார். கொக்குகளைப் பார்த்து எல்லோரும் முடி வளர்க்க, ஊரில் ஒரு பயலும் முடி வெட்டிக்கொள்ள வரவில்லை.

இந்த ஏற்றத்தில் கிளிஃபர்டுக்குத்தான் பயம் அதிகம். அவன் வேலை பார்த்தது மீன் விரல் என்று பொரிக்கிற மீன் துண்டு செய்யும் தொழிற்சாலையில், ரொட்டித்தூள் தூவும் இயந்திரத்தில். அவன் விலகின அன்று மேற்பார்வையாளர் கிராப்ட்ரீ கைகூடக் கொடுக்கவில்லை. "உன் ஏப்ரன் அந்த ஆணியிலேயே தொங்கட்டும், கிளிஃப். நான் எடுக்க மாட்டேன். நீ திரும்பி வர்றப்ப தேட வேண்டாம் பாரு" என்று மட்டும் சொன்னார். சொன்ன சொல் தவறாத மனுஷன். ஒன்பது மாதமாக அந்த ஏப்ரன் அங்கேயே தொங்கியது. தெருவில் பார்க்கும்போதெல்லாம் "ஆணியில இருக்கு" என்பார். குழு கைவிட்டால் அந்த ஆணிதான் கதி. ஒரு வாரம் பதினாலாம் இடத்தில் இருந்தவன் அடுத்த வாரம் ரொட்டித்தூளில் நின்றால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். சிரிப்பவர்களின் பட்டியலைக்கூட அவன் மனசுக்குள் போட்டு வைத்திருந்தான்.

டிரம்மர் உத்தியோகத்தில் ஒரு சாபக்கேடு உண்டு. வண்டியிலிருந்து இறங்கும்போது நார்மன் கையில் ஒரு சீப்பு. ட்ரெவருக்கும் ராய்க்கும் ஆளுக்கு ஒரு பெட்டி. கிளிஃபர்டுக்கோ வண்ணான் கழுதை தோற்றுப்போகும் பாரம்: பெரிய டிரம், அதன் குட்டிகள், வெண்கலத் தட்டுகள், இரும்புக் கால்கள், ஸ்டூல், எல்லாம் நழுவாமலிருக்க ஒரு கம்பளம். மொத்தம் பதினேழு நடை. கடைசி நடை முடிந்து மூச்சு வாங்க அவன் உள்ளே வரும்போது, மற்றவர்கள் டீயும் குடித்திருப்பார்கள், பேச வேண்டியதையும் பேசி முடித்திருப்பார்கள். அவன் கதவைத் தள்ளுவான்; பேச்சு நிற்கும். மூன்று வருஷமாக இப்படித்தான். முன்பு அவனுக்கு அது உறைத்ததில்லை. பதினாலாம் இடத்துக்கு வந்த பிறகுதான், 'நான் வந்தா மட்டும் ஏன் பேச்சு நிக்குது?' என்று உறைத்தது.

உறைத்த பிறகு சாட்சியங்கள் வரிசையில் நின்று வந்தன.

முதலாவது, ஒரு ஒல்லி ஆள். ஃபெலிக்ஸ் என்ற லண்டன் படக்காரனோடு ஒத்திகைக்கு வந்தவன், கெவின் என்று பெயர். கிளிஃபர்ட் வாசிக்கும்போது அவன் கைகளையே வெறித்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே தன் விரல்களால் மேசையைத் தட்டினான். தட்டியதும் சுத்தமாக, தாளம் பிசகாமல். தாளம் பிசகாமல் மேசை தட்டுகிறவன் யார்? இன்னொரு டிரம்மர்.

இரண்டாவது, உடைப் பெட்டி. அதற்குள் கிளிஃபர்ட் அளவில் வெள்ளிச் சட்டை இரண்டு இருந்தன. மற்ற மூவருக்கும் ஒவ்வொன்றுதான். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு சட்டை? இரண்டு ஆள் இருந்தால்தானே.

மூன்றாவதுதான் ஆணியடித்தது. ஒத்திகை நடக்கும் தேவாலயக் கூடத்து வாசலில், பெரிய டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே பேசுவது காதில் விழுந்தது.

"ரெட்டை வேகத்துல அவர் கை ஓடுமா?" இது கெவின்.

"ஓடாட்டி?" இது ஃபெலிக்ஸ்.

குழுவின் மேலாளர் திருமதி ஆப்பிள்யார்டின் குரல் அதற்குப் பதில் சொன்னது. இருபது வருஷம் பிங்கோ கூடத்தில் எண் கூவின குரல். அவர் கிசுகிசுத்தால் ரயில் நிலையத்தில் கேட்கும். "ஓடாட்டி வேற ஆளை உக்கார வெச்சிட்டுப் போறோம் கண்ணு. நான் ஏற்கெனவே சொல்லி வெச்சாச்சு. பசிக்குதும்பானா, குளிருதும்பானா? வாயே தெறக்க மாட்டான். வெச்ச எடத்துல இருப்பான்."

கிளிஃபர்ட் கதவைத் தள்ளினான். பேச்சு நின்றது.

"வா ராசா, டீ ஆறிப்போச்சு" என்றார் திருமதி ஆப்பிள்யார்ட்.

பசிக்காத, குளிராத, வாய் திறக்காத டிரம்மர் இங்கிலாந்தில் எங்கே இருக்கிறான்? கிளிஃபர்ட் மூன்று நாள் யோசித்தான். ஸ்கன்தார்ப்காரனாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் துணிந்தவர்கள்.

படம் எடுக்கும் நாள் வந்தது. பாட்டு ஏறிக்கொண்டே போக, ஹாலந்திலும் பின்லாந்திலும் தொலைக்காட்சிக்காரர்கள் குழுவைக் கேட்டார்கள். நாலு பேர் ஒரே வாரத்தில் ஆறு நாட்டில் நிற்க முடியாது. அதனால் பாட்டுக்கு ஒரு சின்னப் படம் எடுத்து, தகர டப்பாவில் போட்டு, நாட்டுக்கு ஒன்றாக அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. ஃபெலிக்ஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவன். எதைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் சட்டம் போட்டுத்தான் பார்ப்பான். கிளீதார்ப்ஸ் கடற்கரையில் குளிர்காலத்துக்குத் தண்ணீர் வடித்து வைத்திருந்த நீச்சல் குளத்தைப் பார்த்ததும், "செல்லங்களா, இதுதான் நிலா" என்று சொல்லிவிட்டான்.

நிலாவில் அவ்வளவு குளிராது. அன்றைக்கு வட கடலிலிருந்து வந்த காற்றில் ராயின் மீசை தனியாகக் கழன்று போனது என்று சொல்வார்கள். ஒட்டு மீசைதான், இருந்தாலும்.

"பாட்டுக்காரர் ஆழமில்லாத பக்கம். டிரம் அந்தக் கோடி, ஆழப் பக்கம்" என்று கை நீட்டினான் ஃபெலிக்ஸ்.

"எனக்கு மட்டும் எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றான் கிளிஃபர்ட்.

"தூரத்துல இருந்தாதான் அழகு, செல்லம்."

தூரத்தில் வைப்பார்கள், அப்புறம் வெளியே வைப்பார்கள். கிளிஃபர்ட் இறக்க ஆரம்பித்தான். பதினேழு நடை. இந்த முறை ஒவ்வொரு நடையும் பன்னிரண்டடி இரும்பு ஏணி வழியாக. பெரிய டிரம்மைக் கயிற்றில் கட்டி இறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மற்றவர்கள் மேலே டீக்கடைக்குள், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால். அவன் ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் ஃபெலிக்ஸ் எதையோ கை ஆட்டி ஆட்டி விளக்குவதும், நார்மன் வாயை வேகவேகமாகத் திறந்து மூடிக் காட்டுவதும், எல்லோரும் சிரிப்பதும் தெரிந்தது. ஒருமுறை ட்ரெவர் கண்ணாடி வழியாகக் கீழே கிளிஃபர்டைச் சுட்டிக் காட்டினான். கெவின் மேசையைத் தட்டினான்.

கடைசி நடை முடித்து அவன் டீக்கடைக் கதவைத் தள்ளினான். பேச்சு நின்றது.

"வெளிச்சம் போயிடும், வாங்க வாங்க" என்று ஃபெலிக்ஸ் எழுந்துவிட்டான்.

"டீ?" என்றான் கிளிஃபர்ட்.

"முடிஞ்சதும் குடிச்சுக்கலாம்டா. எப்பப் பாரு லேட்டு" என்றான் நார்மன், சீப்பைப் பையில் செருகிக்கொண்டே.

எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். குளத்து மேட்டில் கெவின் ஒரு ஒலிநாடாப் பெட்டியோடு உட்கார்ந்தான். பாட்டை ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து, வாசிப்பது போலப் பாவனை செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு முன்பும் செய்ததுதான்.

கெவின் விசையைத் தட்டினான். பெட்டியிலிருந்து 'நிலாவுக்கு லிப்ஸ்டிக்' வந்தது. வாலில் பட்டாசு கட்டின வாத்து போல வந்தது. நார்மன் குரல் எலிக்குஞ்சுக் குரலாகிவிட்டது. மூன்றரை நிமிஷப் பாட்டு ஒன்றேமுக்கால் நிமிஷத்தில் தலைதெறிக்க ஓடி முடிந்தது.

கிளிஃபர்ட் முதலில், பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தான். ஆனால் பார்த்தால், நார்மன் அந்த எலிக்குஞ்சுக்குச் சரியாக வாயசைக்கிறான். ட்ரெவரும் ராயும் பேய் பிடித்தவர்கள் மாதிரி கம்பியைப் பறண்டுகிறார்கள். ஒருவர் முகத்திலும் வியப்பில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அவனும் அவசரமாகக் கையை ஓட்டிப் பார்த்தான். விரல் விறைத்திருந்ததில் ஒரு குச்சி எகிறிப் பறந்து குளத்தின் மறுகோடியில் விழுந்தது.

மேட்டில் கெவின் தலையை ஆட்டிக்கொண்டான். திருமதி ஆப்பிள்யார்ட் கிசுகிசுத்தார், ஊருக்கே கேட்டது. "வண்டியில தயாராத்தான் இருக்கான். கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா?"

ஸ்கன்தார்ப்காரன் வண்டியில் இருக்கிறான்.

அந்த நிமிஷம் கிளிஃபர்டுக்கு எல்லாம் பட்டப்பகலாக விளங்கியது. அவனைத் தடுக்கி விழ வைக்கத்தான் பாட்டை விரட்டுகிறார்கள். படமும் பிடிக்கிறார்கள், சாட்சிக்கு. 'பாருங்க, தாளத்தைத் தொலைச்சுட்டான்' என்று நாளைக்குப் போட்டுக் காட்டி, ஆணிக்கு அனுப்புவார்கள். டிரம்மராகப் பிறந்தவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: யார் ஓடினாலும் நீ ஓடாதே. பாட்டுக்காரனுக்கு உற்சாகம் வந்தால் ஓடுவான், கிட்டார்க்காரனுக்கு ஒரு பெண் சிரித்தால் ஓடுவான். பின்னால் உட்கார்ந்து எல்லோரையும் இழுத்துப் பிடிக்கத்தான் டிரம்மர். 'நிலாவுக்கு லிப்ஸ்டிக்'கின் வேகம் என்னவென்று அவன் நாடிக்கே தெரியும்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குச்சியை எடுக்கப் போனான். போகிற வழியில் ஒப்பனைப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டான். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மனசுக்குள் பாட்டைச் சரியான வேகத்தில் ஓடவிட்டான். மற்றவர்கள் தீப்பிடித்த கோழிகளாகத் துள்ள, அவன் கோயில் தேர் போல நிதானமாக வாசித்தான். படத்தைப் பார்க்கிறவன் பார்க்கட்டும், யார் பிசகினது என்று.

ஃபெலிக்ஸின் கண் முழுக்க நார்மனின் பல்லில் இருந்தது. ஆழப் பக்கத்தில் நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு தடவையும் கிளிஃபர்ட் அசையவில்லை. பிறகு வெளிச்சம் போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய சாட்சியம். கிளிஃபர்ட் நாலு கிலோ இளைத்தான். தெருவில் கிராப்ட்ரீ எதிரே வந்து, "துவைச்சே வெச்சிருக்கேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருமதி ஆப்பிள்யார்ட் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தார். படம் வந்துவிட்டதாம். அழைத்தது மூன்று மணிக்கு. கிளிஃபர்ட் ஒத்திகைக் கூடத்தில் டிரம்மை இறக்கி வைத்துவிட்டு வர மூன்றேகால் ஆனது. அவர் வீட்டுக் கூடத்துக் கதவைத் தள்ளினான், பேச்சு நின்றது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். சாதாரணப் பார்வை இல்லை. நார்மன் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைக் கடித்த வாயோடு அப்படியே பார்த்தான்.

சோபாவின் கோடியில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளிச் சட்டை. கிளிஃபர்டின் அளவு. நீளத் தலைமுடி. திரும்பவில்லை, பேசவில்லை.

"ஸ்கன்தார்ப்பா?" என்றான் கிளிஃபர்ட் அவனைப் பார்த்து.

பதில் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தான். துணிக்கடை ஜன்னலில் நிற்கிற பொம்மை. கண்ணில் ஒரு பக்கம் சாயம் உரிந்திருந்தது.

"அவன்கிட்ட என்னத்தடா பேசுற?" என்றான் ராய்.

"உனக்கு அந்த வேகத்துல முடியலன்னா தூரத்துல உக்கார வெக்கலாம்னு வாங்கினேன் ராசா. தேவையே இல்லாமப் போச்சு. சும்மா கெடக்கான், சோபா அழுக்காகாம பாத்துக்கிறான்" என்றார் திருமதி ஆப்பிள்யார்ட்.

கிளிஃபர்ட் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃபெலிக்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரில் படத்தை ஓடவிட்டான்.

பாட்டு சரியான வேகத்தில் வந்தது. எலிக்குஞ்சு இல்லை, நார்மனின் அசல் குரல். நார்மனின் வாயும் அந்தக் குரலோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அவன் தலைமுடியும் இறகு மாலையும் தண்ணீருக்கடியில் பாசி அசைவது போல மெல்ல மெல்ல மிதந்தன. ட்ரெவர் குதித்தால், போய்ச் சேர்ந்ததாக ஊருக்குக் கடிதம் போடும் நேரம் மேலேயே இருந்தான்.

"அன்னிக்கு டீக்கடையில சொன்னேனே செல்லங்களா," என்றான் ஃபெலிக்ஸ், "பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டி, கேமராவையும் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டி, அப்புறம் சாதா வேகத்துல போட்டா, வாய் பாட்டோட சேந்துக்கும், உடம்பு மட்டும் மிதக்கும்னு. மிதக்குதா?"

சொன்னானாம். டீக்கடையில். ஒன்றேகால் மணி நேரம்.

 அடுத்து என்ன வரப்போகிறது என்று இப்போது கிளிஃபர்டுக்குத் தெரியும். வந்தது. ஆழப் பக்கம். மூவரும் பாட்டோடு சேர்ந்து மிதக்க, பின்னால் ஒருவன், கண்ணை மூடிக்கொண்டு, தேனில் முங்கின கையைத் தூக்குவது போலக் குச்சியைத் தூக்குகிறான். தூக்குகிறான். பாட்டில் ஒரு வரி முடிகிறது. இன்னும் தூக்குகிறான். இறக்கும்போது இரண்டு தட்டு தவறிப்போய்விட்டது. வெண்கலத் தட்டு கடலடியில் மணி ஆடுவது போல ஆடியது. உலகத்தில் இருந்த கடிகாரம் எல்லாம் ஒரு பக்கம், அவன் மட்டும் ஒரு பக்கம்.

தாளம் தவறினது ஒரே ஒருவன்தான். சுவர் முழுக்கத் தெரிந்தது.

படம் முடிந்தது. கிளிஃபர்ட் எழுந்தான். ஆணியில் தொங்கும் ஏப்ரன் கண்ணுக்கு முன்னால் மடிப்புக் கலையாமல் ஆடியது. "சரி, நான் கெளம்பறேன்" என்றான்.

"எங்க கெளம்பற?" என்றார் திருமதி ஆப்பிள்யார்ட். "இப்பத்தான் வந்த. படம் ஹாலந்துல போன வாரமே போட்டாச்சு. திருப்பி எடுக்க நேரமில்லன்னு அப்படியே அனுப்பிட்டோம். அந்த மூலையைப் பாரு."

மூலையில் ஒரு மூட்டை. உருளைக்கிழங்கு என்று நினைத்திருந்தான். கடிதங்கள். தபால்காரரின் சைக்கிள் நடுவில் ஒடிந்து, கடைசித் தெரு முழுக்க அவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார் என்று திருமதி ஆப்பிள்யார்ட் சத்தியம் செய்தார். ஹாலந்துப் பெண்கள் பாதிப் பேர், அந்தத் தூங்குகிற டிரம்மர் யார், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். மீதிப் பாதி கேட்கவே இல்லை. புகைப்படத்தோடு விலாசம் எழுதியிருந்தார்கள்.

ஃபெலிக்ஸ் எழுந்து வந்து கிளிஃபர்டின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரே சட்டத்துக்குள்ள ரெண்டு காலம். மூணு பேர் ஒரு உலகம், ஒருத்தர் வேற உலகம். லண்டன்ல எல்லாரும் எந்த எந்திரத்துல பண்ணினேன்னு கேக்கறாங்க. நான் வாயைத் தெறக்கல. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

கிளிஃபர்ட் சுற்றிலும் பார்த்தான். இது ஏதாவது கேலியாக இருக்குமோ என்று ஐந்து முகத்தையும், பொம்மையையும் சேர்த்து ஆறு முகத்தையும், ஒவ்வொன்றாகச் சோதித்தான். கேலி இல்லை.

"டிரம்மர் அவசரப்படக் கூடாது" என்றான்.

பொய் இல்லையே.

நார்மன் சாண்ட்விச்சை மென்று முடித்தான். "அப்ப தெரிஞ்சேதான் பண்ணிருக்க" என்றான் மெதுவாக. "டீக்கடைக்கு வராம, கீழயே உக்காந்து தனியா யோசிச்சு, எங்களை எல்லாம் துள்ள விட்டுட்டு, பொண்ணுங்க பாக்க நீ மட்டும்... ஏன்டா, எப்பவும் லேட்டா வர்றதுகூட இதுக்குத்தானா?"

"டிரம் எறக்க நேரமாகுது நார்ம்."

"ஆகும் ஆகும்" என்றான் நார்மன். ட்ரெவரும் ராயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் அடுத்த பாட்டுக்குப் படம் எடுக்கப் போனார்கள், ஒரு பழைய கலங்கரை விளக்கத்துக்கு. நூற்றிருபது படி. வண்டி நின்றதும் கிளிஃபர்ட் வழக்கம்போல இறங்கிக் கை நீட்டினான். பெரிய டிரம் அங்கே இல்லை. நார்மன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்றாவது படியில் ஏறிக்கொண்டிருந்தான், எட்டு அங்குலக் குதிகாலோடு. ட்ரெவர் தட்டுகளையும், ராய் இரும்புக் கால்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

"நீ முன்னாடி நட" என்றான் ராய். "எங்க கண்ணு முன்னாடியே இரு. ஃபெலிக்ஸ் சொல்றப்ப பக்கத்துலயே நின்னு கேளு. இந்த வாட்டி தனியா ஒண்ணும் யோசிக்க வேண்டாம்."

கிளிஃபர்ட் வெறுங்கையோடு முதல் ஆளாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய டீ சூடாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் முறை. கீழே படிக்கட்டில் மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பேசி வருவது கேட்டது. அவர்கள் உச்சிக்கு வந்து அவனைக் கண்டதும் பேச்சு நின்றது.

அவன் டீயை மோந்து பார்த்தான். என் டிரம்மை இவங்க எதுக்குத் தூக்கறாங்க?